மலாயா 1943ஐ வைத்து மாற்று வரலாற்று இளையோர் நாவல்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மலேசியத் தமிழ்ப் பெரியவர்கள் "ஜப்பான்காரன் காலம்" என்று சொல்லும் அந்த மூன்றரை ஆண்டுகளை வைத்துப் பதின்ம வயதினருக்கு ஒரு நாவல் எழுத வேண்டும் என்ற ஆசை பலருக்கு இருக்கிறது. அதிலும் "அன்று மட்டும் வேறு மாதிரி நடந்திருந்தால்" என்ற மாற்று வரலாற்று வடிவத்தில்தான் ஆசை அதிகம். கைப்பிரதிகளைப் படித்துக் கருத்துச் சொல்லும் வழக்கம் எனக்கு உண்டு. அப்போது திரும்பத் திரும்ப வரும் கேள்விகளைத் தொகுத்திருக்கிறேன். சில பதில்கள் நீளம், சில ஒரே வரி. என் விருப்பு வெறுப்பை மறைக்க முயலவில்லை.

மாற்று வரலாறு என்றால் சரியாக என்ன?

உண்மையில் நடந்த ஒன்றை ஒரே ஓர் இடத்தில் மாற்றிவிட்டு, அதன் பிறகு மனிதர்கள் என்ன செய்திருப்பார்கள் என்று நேர்மையாக யோசிப்பது. மாற்றிய இடத்துக்கு முன்னால் எல்லாம் வரலாறு. அதில் கைவைக்கக் கூடாது. மாற்றிய இடத்துக்குப் பின்னால் எல்லாம் உங்கள் பொறுப்பு. நேரப் பயணம், மாயக்கண்ணாடி, பறக்கும் யானை எல்லாம் வேறு வகை. அவற்றை நான் குறைத்துச் சொல்லவில்லை, ஆனால் இந்தப் பக்கம் அவற்றுக்கானதல்ல.

இரண்டு பக்கமும் இழுக்கப்படும் மனசைச் சொல்ல எத்தனையோ போர்கள் இருக்க, மலாயா ஏன்?

மலாயாவில் இழுத்தவை இரண்டல்ல, ஐந்தாறு பக்கங்கள் என்பதால்.

1943இல் பதினாறு வயதான ஒரு தோட்டத்துப் பெண்ணை எண்ணிப் பாருங்கள். பிறந்தது சிலாங்கூரில், ஏதோ ஒரு ரப்பர் தோட்டத்துத் தொழிலாளர் குடியிருப்பான லயத்தில். இந்தியாவைக் கண்ணால் பார்த்ததில்லை. பாட்டி சொல்லும் ஊர்ப்பெயர்தான் அவளுக்கு இந்தியா. அவள் பதினான்கு வயதாக இருந்தபோது, 1941இன் முற்பகுதியில், கிள்ளான் வட்டாரத் தோட்டத் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள். கூலி உயர்வு மட்டுமா கேட்டார்கள்? கள்ளுக்கடையை மூடு என்றார்கள். துரையைக் கண்டால் சைக்கிளை விட்டு இறங்கி நிற்கும் வழக்கம் ஒழிய வேண்டும் என்றார்கள். முன்னின்ற ஆர்.எச். நாதனைக் கைதுசெய்து நாடு கடத்தினார்கள். துருப்புகளை இறக்கி வேலைநிறுத்தத்தை நசுக்கினார்கள், தொழிலாளர்கள் சிலர் சுடப்பட்டு இறந்தார்கள். ஆக, பிரிட்டிஷ் ஆட்சி அவளுக்கு என்ன என்பது ஜப்பான்காரன் வருவதற்கு முன்பே தெரியும்.

அதே ஆண்டு டிசம்பர் 8 அன்று ஜப்பானியர் கோத்தா பாருவில் இறங்கினார்கள். சில நாட்களில் பினாங்கிலிருந்து வெள்ளைக்காரர்களை மட்டும் இரவோடு இரவாக ஏற்றிச் சென்றார்கள், ஆசியர்களை விட்டுவிட்டார்கள். குண்டுவீச்சை நிறுத்துவதற்காகக் கோட்டையில் பறந்த பிரிட்டிஷ் கொடியை இறக்கியவர் மாணிக்கசோதி சரவணமுத்து என்ற இலங்கைத் தமிழர், ஒரு பத்திரிகை ஆசிரியர். 1942 பிப்ரவரி 15இல் சிங்கப்பூரும் சரணடைந்தது. "வெல்ல முடியாதவன்" என்று சொல்லப்பட்டவன் எழுபது நாளில் தோற்றான்.

அதன் பிறகு வந்தவன் எப்படிப்பட்டவன்? தோட்டங்களில் ரப்பர் வாங்க ஆளில்லை. பர்மாவிலிருந்தும் சயாமிலிருந்தும் (இன்றைய தாய்லாந்து) வந்துகொண்டிருந்த அரிசி சுருங்கியது. மரவள்ளிக்கிழங்கே சாப்பாடு. சயாமையும் பர்மாவையும் இணைக்க ஜப்பானியர் போட்ட ரயில் பாதைக்கு ஆள் பிடித்தார்கள். முதலில் நல்ல கூலி, சில மாத வேலை என்றார்கள். பிறகு கையில் கிடைத்தவர்களை எல்லாம் லாரியில் ஏற்றினார்கள். இலவசப் படம் என்று கொட்டகைக்குள் விட்டுக் கதவைச் சாத்தினார்கள் என்று வாய்மொழிச் சாட்சியங்கள் சொல்கின்றன. 415 கிலோமீட்டர் நீளமான அந்தப் பாதை 1943 அக்டோபரில் இணைந்தபோது, காலராவிலும் பட்டினியிலும் மாண்ட ஆசியத் தொழிலாளர்களின் எண்ணிக்கை, அங்கே இறந்த நேசநாட்டுப் போர்க்கைதிகளைப் போலப் பல மடங்கு. அவர்களில் ஒரு பெரும் பகுதி மலாயாத் தமிழர்.

இப்போது தேதியைக் கவனியுங்கள். ரயில் பாதையை முடிக்க ஜப்பானியர் மிகக் கொடுமையாக விரட்டிய மாதங்கள் 1943இன் நடுப்பகுதி. ஜப்பானியர் துணையோடு இந்தியாவை விடுவிக்க முனைந்த சுபாஷ் சந்திர போஸ் சிங்கப்பூரில் வந்து இறங்கியது 1943 ஜூலை 2. ஜூலை 5 அன்று பாடாங் திடலில் "டில்லி சலோ" (டில்லிக்குப் புறப்படு) முழக்கம். அக்டோபர் 21 அன்று கேத்தே கட்டடத்தில் சுதந்திர இந்தியத் தற்காலிக அரசு அறிவிப்பு. மறுநாள் வாட்டர்லூ தெருவில் ஜான்சி ராணி படையின், அதாவது போஸின் பெண்கள் படையின், பயிற்சி முகாம் திறப்பு.

அண்ணனைச் சயாமுக்கு இழுத்துப்போனவனுடைய கூட்டாளியின் படையில், அதே ஆண்டில் தங்கை சேருகிறாள். அவள் முட்டாளும் அல்ல, துரோகியும் அல்ல. இதற்குமேல் நாவலுக்கு என்ன வேண்டும்?

"இம்பாலில் நேதாஜி வென்றிருந்தால்" என்று எழுதலாமா?

எழுதலாம். எனக்கு வரும் கைப்பிரதிகளில் பெரும்பாலானவை அதுதான். ஆனால் நான் பரிந்துரைக்க மாட்டேன்.

முதல் காரணம், நம்பும்படி இருக்காது. 1944 மார்ச்சில் பர்மாவிலிருந்து இந்தியாவின் வடகிழக்கு எல்லையிலுள்ள இம்பாலை நோக்கிக் கிளம்பிய ஜப்பானியப் படை ஏறக்குறைய மூன்று வாரத்துக்கான உணவை மட்டும் எடுத்துக்கொண்டு, எதிரியின் கிடங்கைப் பிடித்துச் சாப்பிட்டுக்கொள்ளலாம் என்று மலையேறியது. வானம் பிரிட்டிஷார் கையில் இருந்தது. முற்றுகையிடப்பட்ட இம்பாலுக்கு விமானத்தில் சோறு வந்தது, முற்றுகையிட்டவனுக்கு வரவில்லை. பிறகு மழை. ஜப்பான் தரப்பில் செத்தவர்களில் பெரும் பங்கு பசியாலும் நோயாலும்தான். இந்தத் தோல்வியை வெற்றியாக மாற்ற நீங்கள் பத்து இடத்தில் கைவைக்க வேண்டும். பத்து இடத்தில் கைவைத்தால் அது ஆசை, மாற்று வரலாறு அல்ல.

இரண்டாவது காரணம்தான் எனக்கு முக்கியம். வெற்றி வந்துவிட்டால் உங்கள் பெண்ணின் மனப்போராட்டம் அதோடு தீர்ந்துவிடுகிறது. "அவள் எடுத்த முடிவு சரி" என்று வரலாறே கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிடுகிறது. பதினைந்து வயது வாசகருக்கு நாம் தரவேண்டியது அந்தக் கையெழுத்தா? வரலாற்றை மாற்றுவதால் தேர்வு கடினமாக வேண்டும். எளிதாகிறது என்றால் தவறான இடத்தில் மாற்றிவிட்டீர்கள்.

அப்படியானால் எங்கே கைவைப்பது?

சின்ன இடத்தில். மூன்று இடங்களைச் சொல்கிறேன்.

ஒன்று, கடல். போஸ் 1943 பிப்ரவரியில் ஜெர்மனியின் கீல் துறைமுகத்திலிருந்து ஆபித் ஹசனுடன் நீர்மூழ்கியில் புறப்பட்டார். ஏப்ரல் இறுதியில் மடகாஸ்கருக்கு அப்பால், கொந்தளிக்கும் கடலில், ரப்பர் படகில் ஏறி ஜப்பானிய நீர்மூழ்கிக்கு மாறினார்கள். அந்தப் படகு கவிழ்ந்திருந்தால்? ஜான்சி ராணி படை இல்லை. ஆனால் பசியும் சயாமும் அப்படியே இருக்கும், இந்திய விடுதலைக்காக இயங்கிய இந்தியச் சுதந்திரச் சங்கத்தின் கிளைகளும் இருக்கும். தலைவர் வராத ஊரில் தொண்டர்கள் என்ன செய்வார்கள்?

இரண்டு, 1942 டிசம்பர். ஜப்பானியரிடம் பிடிபட்ட இந்தியச் சிப்பாய்களைக் கொண்டு முதல் இந்திய தேசிய ராணுவத்தைக் கட்டிய மோகன் சிங், ஜப்பானியர் தங்களைக் கையாளாக வைக்கப் பார்க்கிறார்கள் என்று முரண்பட்டார். அவரைக் கைது செய்தார்கள், படை கலைந்தது. அவர் கைதாகாமல் தப்பிக் காட்டுக்குள் போயிருந்தால்? காட்டில் ஏற்கெனவே யார் இருந்தார்கள் தெரியுமல்லவா? பெரும்பாலும் சீனர்களைக் கொண்ட ஜப்பானிய எதிர்ப்புக் கொரில்லாக்கள். இந்தியச் சிப்பாய்களும் அவர்களும் ஒரே நெருப்பைச் சுற்றி உட்கார வேண்டி வரும்.

மூன்றாவது எனக்கு மிகப் பிடித்தது. அதற்குத் தனிக் கேள்வியே வைக்கலாம்.

அந்தமானைப் பற்றி அடிக்கடி சொல்கிறீர்களே, அது என்ன?

ஜப்பானியர் அந்தமானை 1942 மார்ச்சில் பிடித்தார்கள். 1943இன் தொடக்கத்தில் ஒரு பிரிட்டிஷ் உளவுக் குழு நீர்மூழ்கியில் வந்து இரகசியமாக இறங்கியது. தகவல் வெளியே போகிறது என்று ஜப்பானியருக்குச் சந்தேகம் வந்ததும் ஊர்க்காரர்களைப் பிடித்து வதைத்தார்கள். போர்ட் பிளேரில் இந்தியச் சுதந்திரச் சங்கத்தின் தலைவராக இருந்த மருத்துவர் திவான் சிங்கையே சிறையில் அடைத்தார்கள்.

1943 டிசம்பர் கடைசியில் போஸ் அந்தமானுக்கு வந்தார், கொடியேற்றினார், தீவுகளுக்கு ஷாஹீத், ஸ்வராஜ் என்று பெயர் வைத்தார். அப்போது திவான் சிங் செல்லுலார் சிறைக்குள் இருந்தார். ஜப்பானிய அதிகாரிகள் போஸைச் சுற்றியே நின்றார்கள், ஊரின் குரல் அவரை எட்டவில்லை. 1944 ஜனவரி 14 அன்று திவான் சிங் சித்திரவதையால் இறந்தார். ஜனவரி 30 அன்று ஹம்ஃப்ரிகஞ்சில் 44 இந்தியர்களை உளவாளிகள் என்று வரிசையில் நிறுத்திச் சுட்டார்கள். கொடி ஏறி ஒரு மாதம்தான் ஆகியிருந்தது.

பிப்ரவரியில் தற்காலிக அரசின் சார்பில் தலைமை ஆணையராக வந்தவர் லெப்டினன்ட் கர்னல் ஏ.டி. லோகநாதன். ஆற்காட்டுப் பெயர் தாங்கிய தமிழர், மருத்துவர். காவல் துறையை ஒப்படைக்கும்படி அவர் கேட்டார், ஜப்பானியர் தரவில்லை. பள்ளிக்கூடம் மட்டும் கையில் கிடைத்தது. பல மாதங்கள் பொறுத்துவிட்டுத் திரும்பினார்.

இங்கே ஒரே ஒரு மாற்றம்: காவல் துறையைக் கொடுத்துவிட்டார்கள்.

கேட்க நல்ல செய்தியாக இருக்கிறது. ஆனால் உளவாளிகளைத் தேடும் வெறி ஜப்பானியருக்குக் குறையவில்லை. இனி கைது ஆணை இந்தியக் கையெழுத்தோடு வர வேண்டும் என்பார்கள். லோகநாதனோடு உண்மையில் போனது ஒரு சிறு குழு. அதில் கோலாலம்பூர்ப் பெண் ஒருத்தியைக் கற்பனையாகச் சேர்த்துக்கொள்ளுங்கள், வயது பதினேழு, தட்டச்சு தெரியும். ஒரு மாலை அவள் மேசைக்கு ஒரு பட்டியல் வருகிறது. பெயர்களை வரிசையாக அடிக்கிறாள். அதில் ஒன்று, தீவுக்கு வந்த முதல் வாரம் அவளுக்குச் சோறு போட்ட வீட்டுக்காரருடையது. அடிக்காமல் விட்டால் ஜப்பானியர் அதிகாரத்தைத் திரும்பப் பிடுங்குவார்கள், பட்டியல் இன்னும் நீளும். அடித்தால்?

நாட்டுக்காக வந்தவள் நாட்டுக்காரரை என்ன செய்வாள் என்ற கேள்வி அந்தத் தட்டச்சு மேசையில் வந்து நிற்கிறது. இம்பால் வெற்றியில் இப்படி ஒரு காட்சி கிடைக்காது.

ஜான்சி ராணி படைப் பெண்கள் உண்மையில் போர்முனையில் சண்டையிட்டார்களா?

பயிற்சி முழுமையாகப் பெற்றார்கள். பர்மாவுக்குப் போனார்கள். மேமியோ மருத்துவமனையில் காயம்பட்டவர்களைக் கவனித்தார்கள். முன்வரிசைத் தாக்குதலுக்கு அனுப்பப்படவில்லை. 1945 ஏப்ரலில் ரங்கூனிலிருந்து பின்வாங்கியபோது, குண்டுவீச்சுக்கு இடையே இரவில் நடந்தே பெரும் தொலைவைக் கடந்தார்கள், போஸும் அவர்களோடு நடந்தார். சாகசம் வேண்டும் என்றால் அந்தப் பின்வாங்கலில் இருக்கிறது. இல்லாத துப்பாக்கிச் சண்டையை எழுதித்தான் அவர்களுக்கு மதிப்புச் சேர்க்க வேண்டும் என்பதில்லை.

படைத் தலைவி லட்சுமி சுவாமிநாதன் சென்னை மருத்துவக் கல்லூரியில் படித்தவர், வசதியான வீட்டுப் பெண். கோலாலம்பூரின் ஜானகி தேவர் பதின்ம வயதில் சேர்ந்து அதிகாரியானார், பிற்காலத்தில் மலேசிய மேலவை உறுப்பினர். ராசம்மா பூபாலன் பதினாறு வயதில் சேர்ந்து பின்னாளில் கல்வியாளரானார். இவர்கள் பெயர் நிலைத்தது. ஆனால் அணியில் நின்றவர்களில் பெரும்பாலோர் தோட்டத்துப் பெண்கள், பலருக்கு எழுதப் படிக்கத் தெரியாது, நினைவுக்குறிப்பு எழுதி வைக்கவில்லை. மருத்துவர் மகளும் பால்மரம் வெட்டுபவளும் ஒரே வரிசையில், ஒரே காக்கிச் சட்டையில் நின்றார்கள் என்பதே அந்தக் காலத்துக்குப் பெரிய கலகம். சாதி முகாமுக்குள் எந்த அளவுக்கு வந்தது, சமையற்கட்டில் யார் யாரோடு உட்கார்ந்தார்கள் என்பதை எழுதத் தயங்காதீர்கள்.

எல்லோரும் நாட்டுப்பற்றால்தான் சேர்ந்தார்களா?

இல்லை. பெரும் ஆவேசத்தோடு வந்தவர்கள் உண்டு. சயாமுக்குப் போகாமல் தப்பலாம் என்று வந்தவர்கள் உண்டு. முகாமில் சோறு கிடைக்கும் என்று வந்தவர்கள் உண்டு. முதன்முதலாக ஒருவர் "உனக்கும் ஒரு நாடு இருக்கிறது" என்று தன்னைப் பார்த்துச் சொன்னதற்காக வந்தவர்கள் உண்டு. ஒரே ஆளிடம் இந்த நான்கும் இருந்திருக்கலாம். உங்கள் பாத்திரம் நான்காவது காரணத்தை மேடையில் சொல்லிவிட்டு மூன்றாவது காரணத்தை இரவில் நினைத்துக்கொள்ளட்டும்.

சேர மறுத்தவர்களைக் கோழைகளாகக் காட்டலாமா?

தயவுசெய்து வேண்டாம். சிங்கப்பூர் வீழ்ந்த இரண்டாம் நாள், 1942 பிப்ரவரி 17 அன்று, ஃபேரர் பார்க் திடலில் 40,000க்கும் மேற்பட்ட இந்தியச் சிப்பாய்களைத் திரட்டி, ஆங்கிலேய அதிகாரி அவர்களை ஜப்பானியரிடம் ஒப்படைத்துவிட்டுப் போனார். எந்த அரசருக்குச் சத்தியம் செய்தார்களோ அந்த அரசரின் ஆள் அவர்களைக் கணக்குப் பார்த்துக் கைமாற்றினார். அந்த நொடியில் சத்தியம் செல்லுமா செல்லாதா?

செல்லாது என்று ஒரு பகுதி புதிய படையில் சேர்ந்தது. செல்லும் என்று நின்றவர்களில் ஆயிரக்கணக்கானோரை நியூ கினி போன்ற தீவுகளுக்குக் கட்டாய வேலைக்கு அனுப்பினார்கள், ஏராளமானோர் திரும்பவில்லை. பகவல்பூர் படையைச் சேர்ந்த கேப்டன் மஹ்மூத் கான் துரானி, எதிர்த்து வேலை செய்ததற்காகக் கொடிய வதைக்குள்ளாகியும் வாய் திறக்கவில்லை, அவருக்குப் பின்னர் ஜார்ஜ் கிராஸ் என்ற பிரிட்டிஷ் வீர விருது கிடைத்தது. மறுபுறம் ஷா நவாஸ் கான், பரம்பரை பரம்பரையாகப் பிரிட்டிஷ் ராணுவத்தில் இருந்த குடும்பத்துக்காரர். அரசருக்கா நாட்டுக்கா என்ற கேள்வி தன் முன் நின்றதாகவும் நாட்டைத் தேர்ந்ததாகவும் 1945இல் செங்கோட்டை விசாரணையில் சொன்னார். ஒருவரைத் தூக்க மற்றவரைத் தாழ்த்த வேண்டியதில்லை. என்னைக் கேட்டால், நாயகியின் அண்ணனோ மாமாவோ மறுத்தவர்கள் பக்கம் இருக்கட்டும், அவரை வாசகருக்குப் பிடிக்கவும் வேண்டும்.

சீனத் தோழி பாத்திரம் கட்டாயமா?

கட்டாயம் என்று சொல்ல மாட்டேன். ஆனால் அவள் இல்லாத மலாயாக் கதை எனக்கு அரைக் கதை.

சிங்கப்பூர் விழுந்ததும் ஜப்பானியர் சீன ஆண்களை வடிகட்டிக் கடற்கரைகளில் கொண்டுபோய்க் கொன்றார்கள், மலாயாவிலும் அது தொடர்ந்தது. பக்கத்துக் கடைவீதியில் வளர்ந்த தோழியின் தமையன் அப்படிப் போனவன் என்றால், நம் பெண் காக்கிச் சட்டை போட்டுக்கொண்டு தெருவில் வரும்போது அவள் எப்படிப் பார்ப்பாள்? "உன் நாட்டுக்காகத்தானே, போ" என்று ஒரு வரி. அவ்வளவு போதும், மன்னிப்புக் காட்சி வேண்டாம். மலாய்க்காரர்களையும் மறக்காதீர்கள். 1942 பிப்ரவரியில் பாசிர் பாஞ்சாங்கில் மலாய்ப் படைப்பிரிவின் லெப்டினன்ட் அட்னான் சயிடி கடைசிவரை நின்று செத்தார், பிரிட்டிஷ் சீருடையில். அதே காலத்தில் வேறு மலாய் இளைஞர்கள் ஜப்பானியர் மூலம் விடுதலை வரும் என்று நம்பினார்கள். பிளவு எல்லா வீட்டிலும் இருந்தது.

நல்ல ஜப்பானியர் ஒருவரைக் காட்டலாமா?

காட்டலாம். மேஜர் ஃபுஜிவாரா இந்தியச் சிப்பாய்களோடு உட்கார்ந்து கையால் சாப்பிட்டு அவர்கள் மனத்தைப் பிடித்தவர், ஆசிய விடுதலையை அவர் மெய்யாகவே நம்பினார் என்றே தோன்றுகிறது. அதனால்தான் அப்படிப்பட்டவர்கள் ஆபத்தானவர்கள். அவர் கொடுத்த வாக்கைக் காப்பாற்றும் அதிகாரம் அவரிடம் இல்லை. கெம்பெய்தாய் என்ற ஜப்பானிய ராணுவப் போலீஸின் அறையில் அடிப்பவனை எழுதுவது எளிது. நல்ல மனசோடு பொய்யாகப்போகும் வாக்குறுதி தருபவனை எழுதுவதுதான் கடினம்.

உளவுக் கதையாக எழுதலாமா?

பினாங்கில் உளவுப் பயிற்சி கொடுத்து நீர்மூழ்கியில் இந்தியாவுக்கு இளைஞர்களை அனுப்பினார்கள். பிடிபட்டவர்களில் திருவிதாங்கூரின் வக்கம் அப்துல் காதர், வயது 26, மற்ற மூவரோடு 1943 செப்டம்பர் 10 அன்று சென்னைச் சிறையில் தூக்கிலிடப்பட்டார். மலாயாவில் புறப்பட்ட கதை சென்னையில் முடிந்தது. எழுதலாம், ஆனால் அவர்கள் பெயரை வைத்து எழுதாதீர்கள், அவர்களைப் போன்ற ஒருவனைப் படையுங்கள்.

போஸ், லட்சுமி போன்றவர்களைப் பாத்திரங்களாக்கிப் பேச வைக்கலாமா?

தூரத்தில் வைத்துக் காட்டுங்கள். மேடையில் ஓர் உருவம், ஒலிபெருக்கியில் ஒரு குரல், இந்துஸ்தானியைத் தமிழாக்கிச் சொல்பவரின் தடுமாற்றம், மழையிலும் நகராத கூட்டம். தனியறையில் உட்கார்ந்து நாயகிக்கு அறிவுரை சொல்ல வைத்தால் அன்றோடு நாவல் செத்தது. எழுதப்பட்ட உரைகள் கிடைக்கின்றன என்பதற்காக அரைப் பக்கம் மேற்கோள் காட்டுவதும் வேண்டாம்.

அன்றாட வாழ்க்கையில் எவை தவறாகாமல் இருக்க வேண்டும்?

நிறைய இருக்கிறது, தடுக்கி விழும் இடங்களை மட்டும் சொல்கிறேன். கடிகாரம் டோக்கியோ நேரத்துக்கு மாறியது, ஒன்றரை மணி முன்னால். சூரியன் உதிக்காத "காலை ஏழு மணி" பள்ளிக்கூடத்தை நினைத்துப் பாருங்கள். சிங்கப்பூருக்குப் பெயர் சியோனான். வாழைமரம் அச்சிட்ட நோட்டு, மாதாமாதம் மதிப்பிழந்து கடைசியில் வெறும் காகிதம். படைக்குள் பொது மொழி இந்துஸ்தானி, ரோமன் எழுத்தில். ஹிந்தியில் "திரும்பு" என்ற கட்டளை புரியாமல் இடப்பக்கம் திரும்பும் தமிழ்ப் பெண்கள் நிச்சயம் இருந்திருப்பார்கள், சிரிப்புக்கு இடம் கொடுங்கள்.

தோட்டத்தில் துரை, கிராணி (எழுத்தர்), கங்காணி (மேற்பார்வையாளர்) என்ற அடுக்கு முக்கியம். துரை ஓடிவிட்டான், கிராணியும் கங்காணியும் இருந்தார்கள். சயாமுக்கு ஆள் கணக்குக் கேட்டபோது பெயர் எழுதிக் கொடுத்தவர்கள் பல இடங்களில் அவர்களே. நாயகியின் அப்பா கங்காணி என்று வைத்தால், அந்தமான் பட்டியலுக்கு முன்பே வீட்டுக்குள் ஒரு பட்டியல் எழுதப்பட்டிருக்கிறது. இதை நீங்கள் கவனித்துவிட்டால் நாவலின் முதல் பகுதியும் இரண்டாம் பகுதியும் தாமாகவே சேர்ந்துகொள்ளும்.

ஒரு சிறு எச்சரிக்கை: ஜப்பானியர் காலத்தில் விடியற்காலைப் பால்மரக் காட்சியைப் பழைய சுறுசுறுப்போடு எழுதிவிடாதீர்கள். பெரும்பாலான தோட்டங்களில் வேலை நின்றுபோயிருந்தது. ரப்பர் மரங்களுக்கு இடையே மரவள்ளிச்செடி வளர்ந்தது.

வன்முறையை எந்த அளவுக்கு எழுதலாம்? இளையோர் புத்தகம் அல்லவா?

பதினான்கு வயது வாசகரால் மரணத்தைத் தாங்க முடியும், அவர்களுடைய கொள்ளுப்பாட்டிகள் அந்த வயதில் தாங்கினார்கள். தாங்க முடியாதது ரசித்து எழுதப்பட்ட வதை. சயாம் முகாமின் காலராக் கொட்டகையை விவரிக்க வேண்டாம். அங்கிருந்து திரும்பியவன் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து சோற்றுத் தட்டைக் கையால் மறைத்துக்கொண்டு சாப்பிடுவதை எழுதுங்கள். பெண்கள் மீது நடந்த கொடுமைகளை மறைக்கவும் கூடாது, கதை நகரப் பயன்படும் கருவியாகவும் ஆக்கக் கூடாது. தாய்மார்கள் மகள்களின் தலைமுடியைக் கத்தரித்து ஆண்பிள்ளை உடுப்புப் போட்டுவிட்டார்கள் என்று ஒரு வரி எழுதினால் வாசகர் புரிந்துகொள்வார்.

காதல் வேண்டுமா?

கதை கேட்டால் வரட்டும், பதிப்பாளர் கேட்டால் வேண்டாம்.

போர் முடிந்த பிறகு கதையை எங்கே நிறுத்துவது?

பலர் 1947 ஆகஸ்ட் 15 வரை இழுத்துக் கொடியேற்றி முடிக்கிறார்கள். உங்கள் பெண் மலாயாவில் இருக்கிறாள் என்பதை மறந்துவிட்டார்கள். அவளுக்கு 1945 செப்டம்பரே பெரிய நாள். பிரிட்டிஷார் திரும்பி வந்தார்கள், சிங்கப்பூரின் கடலோர எஸ்பிளனேடில் இந்திய தேசிய ராணுவ வீரர்களுக்கு எழுப்பிய நினைவுச் சின்னத்தை வெடிவைத்துத் தகர்த்தார்கள். பழைய துரையும் தோட்டத்துக்குத் திரும்பினான். ஆனால் சைக்கிளை விட்டு இறங்க இப்போது ஆள் இல்லை. அடுத்த ஆண்டே மலாயா இந்தியக் காங்கிரஸ் பிறந்தது, அதன் முதல் தலைவர் ஜான் திவி போஸின் இயக்கத்தில் இருந்தவர். கெடாவில் தொண்டர் படை கள்ளுக்கடைகளுக்கு எதிராகக் கிளம்பியது. டில்லிக்குப் போகக் கற்ற அணிவகுப்பைத் தோட்டத்து வாசலில் பயன்படுத்தினார்கள். இந்தியாவா மலாயாவா என்ற அடுத்த இழுபறி அங்கேதான் ஆரம்பம். நான் எழுதினால் 1946இல் எங்கோ நிறுத்துவேன்.

தகவல் சரிபார்க்க எங்கே போவது?

சிங்கப்பூர்த் தேசிய ஆவணக் காப்பகத்தில் அந்தத் தலைமுறையின் வாய்மொழி வரலாற்று நேர்காணல்கள் இருக்கின்றன, தமிழிலும் உண்டு. தேதிக்காகக் கேட்காதீர்கள். முதியவர்கள் எந்த இடத்தில் பேச்சை நிறுத்துகிறார்கள், எந்தக் கேள்விக்கு வேறு எதையோ சொல்கிறார்கள் என்று கேளுங்கள். உங்கள் குடும்பத்திலேயே மலாயா போய்த் திரும்பியவர் இருந்திருந்தால், தஞ்சாவூர், புதுக்கோட்டை, இராமநாதபுரம் பக்கத்து வீடுகளில் அது அபூர்வமல்ல, பழைய பெட்டியில் ஒரு வாழைமர நோட்டாவது கிடைக்கும்.

நாவலின் கடைசியில் ஆசிரியர் குறிப்பு போட வேண்டுமா?

கட்டாயம். இரண்டு பக்கம் போதும். எந்த நாளில், எந்த இடத்தில் வரலாற்றை மாற்றினீர்கள் என்று பச்சையாகச் சொல்லுங்கள். அந்தமான் கதையை எழுதினால், ஹம்ஃப்ரிகஞ்சில் 44 பேரைச் சுட்டது உண்மை, லோகநாதனுக்குக் காவல் துறை கிடைத்தது கற்பனை, தட்டச்சுப் பெண் கற்பனை, லோகநாதன் அதிகாரத்தைக் கேட்டுக் கிடைக்காமல் திரும்பியது உண்மை என்று பிரித்து எழுத வேண்டும். பள்ளி மாணவர் ஒருவர் உங்கள் நாவலை வரலாறு என்று நினைத்துத் தேர்வில் எழுதிவிட்டு வந்து நிற்பார், எனக்குத் தெரிந்து அது நடக்கும். குறிப்பைக் கதைக்கு முன்னால் போடாதீர்கள், முடிச்சு அவிழ்ந்துவிடும்.